மாளிகைக்கு முன்னே ஒரு காவல் வீடு

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெரும் பண்ணை மாளிகைகளின் நுழைவாயிலை ஒட்டிக் கட்டப்பட்ட சிறிய கட்டடமே வாயில் காவல் வீடு. வாயில் காப்பவரின் குடும்பம் அதில் குடியிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டால், அகால வேளையானாலும் மழையானாலும் ஓடிவந்து கதவைத் திறப்பது அவர்கள் வேலை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இத்தகைய வீடுகள் ஏராளமாக எழுந்தன.

மாளிகை மரங்களுக்கு அப்பால் மறைந்திருக்கும். சாலையில் போகிறவர் கண்ணில் படுவது காவல் வீடுதான். அதனால் நிலப்பிரபுவின் அந்தஸ்தைப் பறைசாற்றும் பொறுப்பு அதன் தலையில் விழுந்தது. சிலர் கிரேக்கக் கோயில் போலத் தூண் நிறுத்தினார்கள். சிலர் கோட்டை மதிலைப் போல ஞாயில் வைத்தார்கள். 1833இல் ஜான் கிளாடியஸ் லவுடன் வெளியிட்ட பெருந்தொகுப்பு போன்ற மாதிரி வரைபட நூல்கள் இந்த மோகத்தை வளர்த்தன. பல வீடுகளில் சாலைப் பக்கச் சன்னல் மூன்று முகங்களுடன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே உட்கார்ந்தபடியே சாலையின் இரு பக்கமும் பார்க்கலாம்.

முகப்பில் காட்டிய தாராளம் உள்ளே இல்லை. பெரும்பாலும் இரண்டே அறைகள். வாயிலின் இருபுறமும் இரட்டை வீடுகள் கட்டிய இடங்களில் நிலைமை இன்னும் மோசம். ஒன்றில் சமையலும் புழக்கமும், எதிரே மற்றொன்றில் படுக்கை. குளிர்கால இரவிலும் குழந்தைகள் வண்டிப் பாதையைக் கடந்துதான் தூங்கப் போக வேண்டும். முகப்பு ஒரே சீராகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் குடும்பத்தையே இரண்டாகப் பிரித்த இந்தக் கட்டுமானத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நல்ல கட்டடக்கலை என்று ஏற்க முடியாது.

ஆடம்பரத்தின் உச்சத்தை அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு மாவட்டத்தில், லிஸ்மோர் ஊருக்கு அருகே காணலாம். ஆர்தர் கீலி அஷர் என்ற நிலவுடைமையாளர் பாலிசாகர்ட்மோர் பண்ணையில் 1834 வாக்கில் கோபுரங்களோடு ஒரு வாயிலையும், இரு முனைகளிலும் கோட்டை போன்ற காவல் வீடுகள் கொண்ட கற்பாலத்தையும் எழுப்பினார். வடிவமைத்தவர் அவருடைய தோட்டக்காரர் ஜான் ஸ்மித் என்கிறார்கள். கூரிய வளைவுகளும் ஒல்லியான கோபுரங்களும், உள்ளே ஒரு பெருங்கோட்டை இருக்கும் என்று நம்ப வைக்கும். ஆனால் பணம் வாயிலோடு தீர்ந்தது. திட்டமிட்ட மாளிகை எழவே இல்லை. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் இதே அஷர் குத்தகை விவசாயிகளை வீடுகளிலிருந்து வெளியேற்றினார். அந்தக் கல் வேலைப்பாட்டை இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் பண்ணைகள் உடைந்தன, கார்கள் வந்தன, வாயில் காக்கும் வேலை போயிற்று. குளியலறைக்குக்கூட இடமில்லாத வீடுகள் காலியாகி இடிந்தன. எஞ்சியவற்றில் சிலவற்றை 1992இல் தொடங்கிய ஐரிஷ் லேண்ட்மார்க் டிரஸ்ட் சீரமைத்து விடுமுறை விடுதிகளாக வாடகைக்கு விடுகிறது. அந்த வருமானம் பராமரிப்புக்கு உதவுகிறது.

பாலிசாகர்ட்மோரில் அஷர் வாழ்ந்த பழைய வீடு இப்போது இல்லை; கோபுரங்களும் பாலமும் காட்டுக்குள் நிற்கின்றன, நடைபாதை வழியே யாரும் சென்று பார்க்கலாம்.