மாவா, அச்சா, குழலா? குழந்தையின் முடிக்குறையைக் கண்டறியும் விதம்

குழந்தைக்கு ஒரு வயது தாண்டியும் தலையில் முடி நிற்கவில்லையென்றால், "இன்னொரு மொட்டை போடுங்க, அடர்த்தியா வளரும்" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். மொட்டைக் கத்தி போவது தோலுக்கு மேலே. முடி உருவாவதோ தோலுக்கு அடியில். பரம்பரையாக வரும் அரிய முடிக்குறைகளில் கோளாறு இருப்பது அந்த அடிவேலையில்தான். மருத்துவர் அதை எப்படித் தேடுகிறார் என்று புரிய, ஓர் இடியாப்பக் குழலை நினைத்துக்கொண்டால் போதும்.

மயிர்க்கால்தான் குழல். கெரட்டின் என்ற புரதம் மாவு. மயிர்க்காலின் உள்ளுறை, வெளிவரும் முடிக்கு வடிவம் தரும் அச்சு.

முதலில் கேள்விகள்

படர்தாமரை, புழுவெட்டு, குழந்தையே முடியைப் பிடுங்கும் பழக்கம் ஆகிய வழக்கமான காரணங்களை முதலில் விலக்க வேண்டும். பிறகு கேள்விகள் தொடரும். பிறந்தபோது முடி இருந்ததா? எந்த மாதத்தில் கொட்டியது? புருவமும் இமைமுடியும் உண்டா? பல் கூராக முளைத்து, வியர்வையும் குறைவாக இருந்தால், முடி, பல், வியர்வைச் சுரப்பி மூன்றையும் சேர்த்துப் பாதிக்கும் எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா பக்கம் சந்தேகம் திரும்பும்.

ஒடிந்தால், மாவு

பதம் தப்பிய மாவில் நூல் இறங்கும். ஆனால் துண்டு துண்டாக ஒடியும். மோனிலெத்ரிக்ஸ் நோயில் அதுதான் நடக்கிறது. பிறந்தபோது இருந்த முடி போனபின், கணு கணுவாகத் தடித்தும் இடையிடையே மெலிந்தும் முடி வளர்கிறது. மெலிந்த இடத்தில் முறிகிறது. பின்கழுத்தில் சொரசொரப்பான பருக்கள் தெரியும். பெரும்பாலும் காரணம் கெரட்டின் மரபணுக்களில் ஒன்றில் ஏற்பட்ட பிழை. 10 மடங்கு பெரிதாக்கும் டெர்மாஸ்கோப்பைத் தலையில் வைத்தாலே கணுக்கள் தெரிந்துவிடும். இதற்கு ஒடிந்த முடியாவது தலையில் இருக்க வேண்டும். மொட்டை அடித்துக் கூட்டிவந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது.

மாவை இறுக்கிக் கட்டுவது கந்தகப் பிணைப்பு. கந்தகம் குறைந்த முடியை முனைவாக்கப்பட்ட ஒளியில் பார்த்தால் வெளிச்சமும் இருளுமாகப் பட்டைகள் தெரியும், அது ட்ரைக்கோதயோடிஸ்ட்ரோஃபி. செம்பு உடலில் சேராத மெங்கெஸ் நோயில் முடி முறுக்கிக்கொண்டு ஒடியும். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும் இந்நோயில் தசை தளர்ச்சியும் வலிப்பும் சேர்ந்துவரும். செம்பு ஊசி பலன் தர வேண்டுமானால் பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டும் என்பதால், இங்கே தாமதம் ஆபத்து.

கோணலானால், அச்சு

சீவவே படியாத முடி சில குழந்தைகளுக்கு உண்டு. நுண்ணோக்கியில் அதன் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் முக்கோணமாகத் தெரியும். இதற்குக் காரணமான மூன்று மரபணுக்கள் 2016-ல் அடையாளம் காணப்பட்டன. வயது ஏற ஏற இது பெரும்பாலும் தானே சரியாகும்.

இறங்கவே இல்லையென்றால், குழல்

அதிகம் ஏமாற்றுவது இதுதான். மயிர்க்கால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தன் கீழ்ப்பகுதியைச் சுருக்கி, பிறகு மீண்டும் கட்டிக்கொள்ளும். குழலைக் கழற்றிக் கழுவி மாட்டுவதுபோல. ஹெச்ஆர் என்ற மரபணு பழுதானால் முதல்முறை கழற்றியதோடு சரி, திரும்ப மாட்டவே முடியாது. அதனால் குழந்தை முடியோடு பிறக்கும், சில மாதங்களில் எல்லாம் கொட்டும், பிறகு முளைக்காது. பின்னாளில் முகத்திலும் முட்டியிலும் சிறு பருக்கள் தோன்றும். 1998-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோ குழு, பாகிஸ்தானியக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்து இந்தப் பிழையைக் கண்டறிந்தது. அச்சு அசலாக இதே தோற்றம் வைட்டமின் டி ஏற்பி பழுதானாலும் வரும். கால் வளைந்திருக்கிறதா, கால்சியம் குறைவா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

கடைசியில் மரபணுச் சோதனை

இவ்வளவும் பார்த்தபின் எடுக்கும் ரத்தச் சோதனைக்குத்தான் அர்த்தம் உண்டு. எங்கே தேடுவது என்று ஆய்வகத்துக்குத் தெரிந்திருக்கும். ஹெச்ஆர் பிழை உறுதியானால், புழுவெட்டு என்று நினைத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டை நிறுத்திவிடலாம். அது பலன் தரப்போவதில்லை. மோனிலெத்ரிக்ஸ் என்றால் பெற்றோரில் ஒருவருக்கும் இருக்கக்கூடும். அப்படியானால் அடுத்த குழந்தைக்கு வர 2-ல் 1 வாய்ப்பு. ஹெச்ஆர் பிழையில் தாய், தந்தை இருவரும் அறிகுறியின்றி அதைச் சுமப்பார்கள்; அங்கே 4-ல் 1. மாமன் மகளையோ அக்கா மகளையோ மணக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் சாத்தியம் கூடுதல். அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும் முன்பே மரபியல் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.