பத்தாவதுக்குள்ளே ஒரு பட்டம்!

ஒரு சின்ன டெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்! உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு நிமிஷ புரொமோ வீடியோ வேணும். ஸ்கிரிப்ட் யாரு? கேமரா யாரு? எடிட்டிங் யாரு? யோசிச்சுப் பாருங்க. 120 பேர் இருக்கிற டிபார்ட்மென்ட்லயும் எல்லா விரலும் ஒரே ஒரு ஆளைத்தான் காட்டும். 'மச்சி, அவனுக்குத்தான் எடிட்டிங் தெரியும்!' அந்த ஒருத்தர் மூணு ராத்திரி கண்முழிச்சு ஒப்பேத்துவார். மீதி 119 பேர் லைக் போடுவோம். இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிற எனக்குத் தெரிஞ்சு, எந்த காலேஜுக்குப் போனாலும் இதே கதைதான்!

இப்ப அப்படியே வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டி கேரளாவுக்குள்ளே வாங்க. அங்கே கேமராவையும் கம்ப்யூட்டரையும் வெச்சுக்கிட்டு ஸ்கூல் விழாவை ஷூட் பண்ணி, வெட்டி, ஒட்டி, வாய்ஸ் ஓவர் கொடுத்து முடிக்கிறவங்களுக்கு வயசு என்ன தெரியுமா? பதிமூணு, பதினாலு! அவங்க பேரு 'லிட்டில் கைட்ஸ்'. நம்ம பாஷையில், குட்டிப் பட்டங்கள்!

நூல் எங்கே ஆரம்பிச்சது?

இது நேத்து முளைச்ச காளான் இல்லை. கேரளா 2001-லேயே 'ஐ.டி. அட் ஸ்கூல்'னு ஒரு திட்டத்தை ஆரம்பிச்சது. 2005 ஜூலையில் பள்ளிகளுக்கான 'விக்டர்ஸ்' சேனலைத் தொடங்கி வைத்தவர் நம்ம அப்துல் கலாம். 2004-ல் விண்ணுக்குப் போன எஜுசாட் செயற்கைக்கோளை நம்பி வந்த சேனல் அது. 2017-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' ஒரு அரசு நிறுவனமா மாறிச்சு. அதோட சுருக்கப் பேருதான் 'கைட்'. 2018 ஜனவரியில் அந்த நிறுவனம் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கின அமைப்பு, லிட்டில் கைட்ஸ்.

எட்டாம் வகுப்பில் ஒரு நுழைவுத் தேர்வு. அதில் தேறினா யூனிட்டில் இடம். கிராஃபிக்ஸ், அனிமேஷன், புரோகிராமிங், ரோபாட்டிக்ஸ், மலையாளத்தில் டைப்பிங், கேமரா, எடிட்டிங், சைபர் பாதுகாப்புன்னு பத்தாவது வரைக்கும் பயிற்சி. வழிகாட்ட ஒவ்வொரு ஸ்கூலிலும் பொறுப்பு ஆசிரியர்கள். சுமார் 2,000 அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் யூனிட் இருக்கு. ஸ்கூல் கேம்ப்பில் நல்லா செஞ்சவங்க உபமாவட்டம், மாவட்டம், மாநிலம்னு மேலே போவாங்க. மாநிலப் பள்ளிக் கலோற்சவம் மாதிரி பெரிய திருவிழாக்களைப் படம் பிடிச்சு ஆவணப்படுத்துறதிலும் இந்தப் பசங்க இருக்காங்க.

'இதெல்லாம் பண்ணா படிப்பு கெட்டுடுமே!' வீட்டுக்கு வீடு இந்த டயலாக் உண்டுதானே? அதுக்கும் பதில் வெச்சிருக்காங்க. ஏ கிரேடு வாங்கினா எஸ்.எஸ்.எல்.சி.யில் கிரேஸ் மார்க்!

நாம ஃபார்முலா... அவங்க ஃபன்!

கதையின் சூடான இடம் இதுதான் பாஸ். நாம நாலாவது செமஸ்டரில் மனப்பாடம் பண்ணின விஷயத்தை அவங்க விளையாட்டா தொட்டுட்டுப் போறாங்க.

உதாரணம் ஒண்ணு: ஆடாசிட்டி. இலவச ஆடியோ சாஃப்ட்வேர். சாம்ப்ளிங் ரேட் வழக்கமா 44,100-ல் இருக்கும். அதாவது ஒரு செகண்டு சத்தத்தை 44,100 தடவை அளந்து எடுக்குது. அதென்ன கணக்கு? மனுஷக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும். அதைத் தவறாம பிடிக்கணும்னா இரண்டு மடங்குக்கு மேலே அளக்கணும். 'நைக்விஸ்ட் தியரம்'னு எழுதி ரெண்டு மார்க் வாங்கினோமே, அதேதான்! இப்ப அந்த ரேட்டை 8,000-க்கு இறக்கிட்டு உங்க குரலைப் பதிவு பண்ணிக் கேளுங்க. பழைய டெலிபோன்ல பேசுற மாதிரி இருக்கும். 'ஸ' சத்தம் மழுங்கிப் போயிருக்கும். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்ததெல்லாம் அவுட்! எட்டாவது படிக்கிற பொண்ணு இதைக் காதாலே கேட்டுட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு அந்த ஃபார்முலாவைப் பார்க்கும்போது பயப்படுவாளா, சிரிப்பாளா?

உதாரணம் ரெண்டு: இங்க்ஸ்கேப். போஸ்டர், லோகோ வரையுற சாஃப்ட்வேர். ரெண்டு புள்ளி வெச்சு, கைப்பிடியை இழுத்தா கோடு அழகா வளையும். அதுக்குப் பேர் பெஸியே வளைவு. 1960-களில் பிரான்ஸின் ரெனோ கார் கம்பெனியில் வேலை பார்த்த பியர் பெஸியேங்கிற இன்ஜினீயர், கார் பாடியை வடிவமைக்கப் பயன்படுத்திப் பிரபலமாக்கின கணக்கு அது. உங்க போன்ல தெரியுற எழுத்துகளின் வளைவிலும் இதே குடும்பத்துக் கணக்குதான் ஒளிஞ்சிருக்கு.

உதாரணம் மூணு: அனிமேஷன். சினிமா ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம். ஒரு நிமிஷத்துக்கு 1,440. ஒரே படத்தை ரெண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 720 படம் வேணும்! இந்தக் கணக்கைப் போட்டவுடனே எந்தப் பையனும் 'மூணு மணி நேர படம் எடுக்கப் போறேன்'னு கிளம்ப மாட்டான். முப்பது செகண்டு கதையை ஒழுங்கா யோசிப்பான். திட்டமிடுறதுன்னா என்னன்னு பாடம் நடத்தாமலே புரிஞ்சிடும்.

சாஃப்ட்வேர் சாகும்... சரக்கு வாழும்!

நம்ம பக்கம் ஒரு பார்வை. 2019-ல் வந்த தமிழ்நாடு பிளஸ் டூ 'கணினிப் பயன்பாடுகள்' புத்தகத்தைப் புரட்டினால் பல்லூடகம் இருக்கு. சந்தோஷம்! அடுத்த பாடம், பேஜ்மேக்கர். அதோட கடைசிப் பெரிய வெர்ஷன் வந்தது 2001-ல். புத்தகம் அச்சுக்குப் போகும்போதே அந்த வெர்ஷனுக்கு வயசு பதினெட்டு, ஓட்டுப் போடலாம்! ஒரு காலத்தில் மல்டிமீடியா படிக்கிறதுன்னாலே ஃபிளாஷ்தான். அந்த ஃபிளாஷ் பிளேயருக்கு 2020 டிசம்பர் 31-ல் அடோபி மூடுவிழா நடத்திடுச்சு.

அதனால எந்த மெனுவில் எந்த பட்டன்னு மனப்பாடம் பண்றது வேஸ்ட். ஷாட்டை எங்கே ஆரம்பிக்கணும், எங்கே வெட்டணும், பேசுறவர் குரலுக்கு அடியில் மியூசிக்கை எவ்வளவு இறக்கணும், அடுத்தவர் எடுத்த போட்டோவைப் போட்டா யார்கிட்ட அனுமதி கேட்கணும்... இதெல்லாம் எந்த வெர்ஷன் வந்தாலும் மாறாது.

கேரளப் பள்ளிகள் இன்னொரு புத்திசாலித்தனமும் பண்ணியிருக்கு. எல்லாமே கட்டற்ற மென்பொருள். படத்துக்கு ஜிம்ப், ஓவியத்துக்கு இங்க்ஸ்கேப், சத்தத்துக்கு ஆடாசிட்டி, வீடியோவுக்கு கேடென்லைவ். லைசென்ஸ் காசும் கிடையாது, திருட்டு காப்பியும் கிடையாது. ஸ்கூல்ல கத்துக்கிட்டதை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இலவசமா ஏத்திக்கலாம். தோட்டத் தொழிலாளி வீட்டுப் பொண்ணும் டாக்டர் வீட்டுப் பையனும் ஒரே டூலைத் தொடலாம். இடுக்கி, பாலக்காடு பக்கம் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழிலேயும் பாடப் புத்தகம் உண்டு.

வெட்டத் தெரிஞ்சவன் ஏமாற மாட்டான்!

'சரிப்பா, எல்லாருமா எடிட்டர் ஆகப் போறாங்க?'ன்னு கேட்பீங்க. ஆக வேண்டாம். ஆனா எல்லாருக்கும் வாட்ஸ்அப் வருதே! ஒரு பேச்சின் முன்னும் பின்னும் வெட்டினா அர்த்தமே தலைகீழாகும். இதைத் தன் கையால் ஒரு தடவை செஞ்சு பார்த்தவங்க, அடுத்த ஃபார்வர்டு வரும்போது விரலை ஒரு செகண்டு நிறுத்துவாங்க.

கேரளாவில் 2022-ல் 'சத்யமேவ ஜயதே'ங்கிற பேரில் பொய்ச் செய்திகளைக் கண்டுபிடிக்கப் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. அதே வருஷம் 'அம்மா அறியான்'னு ஒண்ணு. லிட்டில் கைட்ஸ் பசங்க வாத்தியாராகி, அம்மாக்களுக்கு சைபர் பாதுகாப்புப் பாடம் எடுத்தாங்க! ஓ.டி.பி.யை யார்கிட்டயும் சொல்லாதேன்னு வங்கி ஆயிரம் மெசேஜ் அனுப்பினாலும், பெத்த பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னா அதோட மதிப்பே வேற.

நம்ம ஊர்ல என்ன குறை?

சி.பி.எஸ்.இ. ஸ்கூல்கள்ல 9, 10-ம் வகுப்புக்கு 'மல்டிமீடியா', பிளஸ் ஒன், பிளஸ் டூ-வுக்கு 'மாஸ் மீடியா ஸ்டடீஸ்'னு திறன் பாடங்கள் இருக்கு. ஆனா எந்த ஸ்கூல் அதை நடத்துதுங்கிறது அந்தந்த ஸ்கூலோட விருப்பம். நம்ம அரசுப் பள்ளிகளில் 2022-ல் இருந்து சிறார் திரைப்பட விழா நடத்தினாங்க. நல்ல படம் பார்த்து, அதைப் பத்திப் பேசி, எழுதின பிள்ளைகள் நிறைய. ஹைடெக் லேபும் வந்தாச்சு. பார்க்கக் கத்துக்கொடுத்தாச்சு, மெஷினும் இருக்கு. வாரத்துக்கு ஒரு மணி நேரமும், கூட உட்கார ஓர் அண்ணனோ அக்காவோதான் பாக்கி!

அந்த அண்ணன், அக்கா நாமதான் ஃப்ரெண்ட்ஸ். என்.எஸ்.எஸ்.ல ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் சேவை செய்யணும். ஏழு நாள் ஸ்பெஷல் கேம்ப்பும் உண்டு. சுவருக்கு வெள்ளை அடிங்க, மரமும் நடுங்க. கூடவே தினம் ஒரு மணி நேரம் இதையும் பண்ணுங்க:

முதல் நாள் - கதை. ஊர்க் கிணறோ, சந்தையோ, ஒரு பாட்டியின் மழைக்கால நினைவோ. ஆறு கட்டம் போட்டுப் படமா வரையச் சொல்லுங்க.

2-ம் நாள் - கண். ஒரே பொருளைத் தூரத்தில், நடுவில், கிட்டத்தில் இருந்து பத்து போட்டோ. எது என்ன சொல்லுதுன்னு பேசுங்க.

3-ம் நாள் - காது. ஃபேனை நிறுத்திட்டு, போனை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வெச்சுப் பதிவு பண்ணுங்க. படம் கொஞ்சம் மங்கினா மன்னிப்பாங்க, சத்தம் சரியில்லைன்னா எழுந்து போயிடுவாங்க!

4-ம் நாள் - ஷூட்டிங். போனைப் படுக்கையாப் பிடிங்க.

5, 6-ம் நாள் - எடிட்டிங். ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஓடக் கூடாது. டைட்டில் தமிழில், பசங்களே டைப் பண்ணணும்.

7-ம் நாள் - ரிலீஸ்! ஸ்கூல்ல அம்மா, அப்பா முன்னாடி புரொஜெக்டரில் ஷோ.

மூணு கண்டிஷன். ஒண்ணு, தலைமை ஆசிரியர், பெற்றோர் அனுமதி இல்லாம கேமராவையே எடுக்காதீங்க. பிள்ளைகள் முகத்தை உங்க ரீல்ஸுக்குப் போடாதீங்க. ரெண்டு, சினிமாப் பாட்டு வேண்டாம். ஊர்ல யாராவது பறை அடிப்பாங்க, கும்மி பாடுவாங்க, கேட்டு, அவங்க பேரைப் போட்டு அதைப் பதிவு பண்ணுங்க. மூணாவதுதான் ரொம்ப முக்கியம். பையன் கேமரா, பொண்ணு 'வணக்கம்' சொல்றதுன்னு பிரிக்காதீங்க! தினம் வேலையை மாத்துங்க. கேமரா ஒரு பொண்ணு கைக்கு ஒரே ஒரு நாள் போனாலும் போதும். 'இது நமக்கு இல்லை'ங்கிற எண்ணம் அதோட காலி.

கணக்கில் 35 மார்க்கைத் தாண்டாத பையன் ஒருத்தன் எங்கேயோ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். எந்த இடத்தில் வெட்டினா அழுகை வரும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கலாம். அதை அவன்கிட்ட யாரும் கேட்டதே இல்லை. கேட்காமலே அவன் பத்தாவதோட நின்னுட்டா, நஷ்டம் அவனுக்கு மட்டுமா?

நாம பட்டம் வாங்க நாலு வருஷம் ஆகும். அவனுக்கு ஒரு பட்டம் விடக் கத்துக்கொடுக்க ஏழு நாள் போதும். நூலை யார் பிடிக்கிறீங்க?