தீவுகளில் வீடற்ற நாயும் பூனையும்

சென்னையில் கப்பலேறி, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து, போர்ட் பிளேர் நகரின் ஹேடோ துறையில் இறங்கும் தமிழரை, உற்றார் வந்து சேருமுன்பே சில நாய்கள் எதிர்கொள்வது வழக்கம். 2024-ஆம் ஆண்டு முதல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பெயர் மாறினும் நாய்கள் மாறவில்லை. அவை நம் மூட்டையை மோந்து பார்க்கும். பொட்டலம் பிரியுமா என்று காத்திருக்கும். பிரியாதென்று கண்டால் அடுத்தவரிடம் செல்லும். மீன் கடைகளின் ஓரத்தில் இவ்வாறே பூனைகள் காத்திருக்கும். இவை யாருடையவை என்று கேட்டால், 'யாருடையவும் அல்ல' என்றே விடை கிடைக்கும். அவ்விடை சரியானதுதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

அந்தமான் காடுகளில் நாய் இயற்கையாக வாழ்ந்த பிராணி அன்று. 1858-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இங்கே கைதிகளின் குடியேற்றத்தை நிறுவியபோது, கப்பலில் வந்து இறங்கியவற்றுள் நாயும் ஒன்று. அதுவரை நாயைக் கண்டறியாத அந்தமான் பழங்குடியினர் விரைவிலேயே அதனைத் தம் கூட்டத்தில் ஒன்றாக ஏற்றுக்கொண்டனர். காட்டுப்பன்றி வேட்டைக்கு அது பெருந்துணையாயிற்று. சின்ன அந்தமானில் வாழும் ஓங்கே மக்களுக்கும் நாய் பின்னாளில் வேட்டைத் துணையானது. ஆகவே, இத்தீவில் திரியும் நாய், நம்மைப் போலவே, கடல் கடந்து வந்த மூதாதையின் வழியில் வந்தது. அது தானாக நீந்தி வரவில்லை; மனிதன் கொண்டுவந்தான். கொண்டுவந்தவனுக்குப் பொறுப்பும் உண்டு அல்லவா?

அப்பொறுப்பை நாம் எவ்வாறு கைவிடுகிறோம் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். தீவுகளில் அரசுப் பணியாளர், படைத்துறையினர் எனப் பலரும் சில ஆண்டுகள் இருந்து மாற்றலாகிச் செல்பவர்கள். நாம் குடியிருந்த வரிசையில் ஒரு குடும்பத்தார் செம்பழுப்பு நிறக் குட்டியொன்றைச் செல்லமாக வளர்த்தனர். மூன்றாம் ஆண்டில் மாற்றல் உத்தரவு வந்தது. சாமான்கள் லாரியில் ஏறின, நாய் ஏறவில்லை. பூட்டிய கதவின் முன் அது பல நாட்கள் கிடந்தது. அக்கம்பக்கத்தில் இருந்த நாம் சோறு வைத்தோம். ஒரு நாள் காலையில் அது எழுந்து கடைத்தெருப் பக்கம் நடந்து சென்றது. அன்றுமுதல் அதுவும் 'யாருடையவும் அல்ல' என்னும் கூட்டத்தில் சேர்ந்தது. சோறு வைத்ததோடு நாமும் நின்றுவிட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை.

கைவிடப்பட்ட நாயால் வரும் துன்பம் அதனோடு முடிவதில்லை. நடு அந்தமானில் ரங்கத் நகரை அடுத்த கத்பர்ட் விரிகுடா போன்ற கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் மணலில் குழி தோண்டி முட்டையிடுகின்றன. பசித்த நாய்கள் அக்குழிகளைத் தோண்டி முட்டைகளை உண்பது, ஆமை ஆய்வாளர்கள் நெடுங்காலமாக எடுத்துக் கூறிவரும் இடையூறு. நாயைக் குறை கூறுவதில் பயனில்லை. அதற்கு வீடும் சோறும் இருந்திருந்தால் அது இரவில் கடற்கரைக்குச் சென்றிராது.

பெருக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள், பூனைக்கும் அவ்வளவே. பெட்டை நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவமடையும். பூனையோ, பிறந்த நான்கைந்து மாதத்திலேயே கருவுறக்கூடும். எனவே, சோறு மட்டும் இட்டுக் கருத்தடை செய்யாது விடுவது, இரங்கத்தக்க உயிர்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் பெருக்குவதாகவே முடியும்.

கொன்று குறைக்கலாமே என்று கருதுவோரும் உளர். அவர்களுக்கு நம் சென்னை நகரமே விடை கூறும். அங்கே 1860-ஆம் ஆண்டில் தொடங்கிய நாய் பிடித்துக் கொல்லும் வழக்கம் 1996 வரை நீடித்தது. நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை. கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் இயக்கம், கருத்தடை செய்து, தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதே தக்க வழி என்று 1960-களிலிருந்தே வற்புறுத்தி வந்தது. அதுவே 2001-ஆம் ஆண்டு விதிகளிலும், அவற்றின் இடத்தில் வந்த 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகளிலும் நாடு முழுமைக்கும் முறையாயிற்று. 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவரும், 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும், கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரே. இத்துறையில் தமிழகம் நாட்டுக்கே வழிகாட்டியது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். ஆயினும், முதற் குற்றத்துக்கு அன்று வகுத்த தண்டம் 10 முதல் 50 ரூபாய் வரையே. ஆகவே, இதில் நம்மைக் கட்டுப்படுத்த வேண்டியது தண்டத்தைக் காட்டிலும் நம் மனச்சான்றே.

இனி, நாம் செய்யக்கூடியவை யாவை? அவற்றை மீட்பு, இடைக்கால வளர்ப்பு, தத்து என மூன்று படிகளாகப் பகுக்கலாம்.

முதலாவது, மீட்பு. வழியோரத்தில் குட்டிகளைக் கண்டவுடன் அள்ளிக்கொண்டு வருதல் கூடாது. தாய் இரை தேடச் சென்றிருக்கும்; பூனையாயின் சில மணி நேரம் வாராதிருத்தலும் உண்டு. மழையோ வாகனமோ உடனடியாக ஆபத்து விளைவிக்காத இடமானால், தொலைவிலிருந்து காத்துப் பார்த்த பின்னரே தாயற்றவை என்று முடிவு செய்ய வேண்டும். அடிபட்ட பிராணியைத் தடித்த துணியால் போர்த்தி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. நாம் உண்ணும் மாத்திரைகளைக் கொடுத்தல் வேண்டா. காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாரசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. கடியோ நகக்கீறலோ பட்டால், ஓடும் நீரில் சோப்பு இட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்க.

இரண்டாவது, இடைக்கால வளர்ப்பு. ஆயுள் முழுவதும் வளர்க்க இயலாதவரும் இரண்டு மாதம் இடம் கொடுக்கலாம். இதுவே பெரிய தொண்டு. வந்த பிராணியைச் சில வாரம் வீட்டிலுள்ள பிற பிராணிகளிடமிருந்து தனியே வைத்தல் நன்று. தாயற்ற சிறு குட்டிக்குப் பசும்பால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்துப் புகட்டுவதே தக்கது. குடற்புழு நீக்கம், 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, உண்ணி நீக்கம் ஆகியவற்றை மருத்துவர் சொற்படி செய்விக்க வேண்டும். பல மாதங்கள் மழை பெய்யும் இத்தீவுகளில் எலிக்காய்ச்சல் நெடுங்காலமாக உள்ள நோய். அது எலியின் சிறுநீரால் மட்டுமன்றி நாயின் சிறுநீராலும் பரவக்கூடும். ஆதலால் நாய்க்கு அதற்குரிய தடுப்பூசியும் தேவை. தேங்கிய நீரில் வெறுங்காலுடன் நடத்தலும் கூடாது. ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் மூன்றாம் மாதம் வரை குட்டி கேட்கும் குரலும் காணும் முகமும் அதன் குணத்தை உருவாக்குகின்றன. அக்காலத்தில் குழந்தைகளோடு பழகிய நாய் பிற்காலத்தில் அவர்களைக் கண்டு அஞ்சிச் சீறுவது அரிது.

மூன்றாவது, தத்து. நாயின் ஆயுள் 10 முதல் 15 ஆண்டு. பூனை அதற்கு மேலும் வாழ்வதுண்டு. ஆகவே, வீட்டார் அனைவரும் இசைந்தனரா, வீட்டுக்காரர் ஒப்புவாரா, மாற்றல் வந்தால் என் செய்வது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே கை நீட்ட வேண்டும். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில், தெருநாய்களைத் தத்தெடுக்க விரும்புவோருக்கு இடமளித்ததோடு, அவ்வாறு எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வாராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றும் கூறியுள்ளது. உணவைப் பற்றியும் ஒரு சொல். வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் ஆகா. எனவே மிஞ்சிய சாம்பார்ச் சோறு நல்லுணவன்று. பூனை மீனோ இறைச்சியோ இன்றி நலமுடன் வாழாது. சைவ உணவுக் குடும்பத்தார் இதனை முன்னரே எண்ணிப் பார்த்தல் நலம்.

இவை எந்த ஊருக்கும் பொருந்துவன. தீவுகளுக்கென்றே உரிய ஒரு செய்தி உண்டு, அதுவே தலையாயது. வெறிநாய்க்கடி நோய் இந்தியாவெங்கும் பரவியிருக்க, அந்தமான் நிகோபாரும் இலட்சத்தீவுமே அந்நோய் இல்லாத பகுதிகளாகக் குறிக்கப்பட்டு வருகின்றன. நோய்க்குறி தோன்றிய பின் ஏறத்தாழ எவரும் பிழைக்காத அக்கொடிய நோயைத் தடுத்து நிற்பது இடையிலுள்ள கடலே. ஆனால், நோய்க்கிருமி புகுந்த நாய் பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள், நலமாகவே காணப்படும். ஊரிலிருந்து ஆசையாகக் கப்பலில் கொண்டுவரும் ஒரு குட்டி, அக்கடலரணை ஒரே நாளில் உடைத்துவிடக்கூடும். இது வெறும் அச்சமன்று. இந்தோனேசியாவில் நோயற்றிருந்த புளோரஸ் தீவுக்கு 1997-இல் மீன்பிடி படகில் வந்த நாய்கள் நோயைக் கொண்டுவந்தன. 2008-இல் பாலித் தீவிலும் அந்நோய் நுழைந்தது. சில ஆண்டுகளுக்குள் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். நாய்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டன. ஆயினும் நோய் முற்றும் ஒழிந்தபாடில்லை.

ஆகவே, தீவில் வாழும் தமிழர் நாய் வளர்க்க விரும்பினால், பெருநிலத்திலிருந்து உயர்சாதிக் குட்டியை வரவழைப்பதை விட்டு, வாசலில் நிற்கும் தீவு நாயை ஏற்பதே அறிவுடைமை. ஓர் உயிருக்கு வீடு கிடைக்கிறது. கடற்கரையில் ஆமை முட்டைகள் பிழைக்கின்றன. நோய் நுழைய வழி அடைபடுகிறது. மாற்றலாகிப் பெருநிலம் செல்வோர் தம் நாயை உடன் கொண்டு செல்லுமுன் வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாது இடுவிக்க வேண்டும். அங்கே அதனைக் காக்கக் கடல் இராது. உடன் கொண்டு செல்ல இயலாதவர், உத்தரவு வந்த அன்றே புதிய இல்லம் தேடத் தொடங்கினால், சாமான் ஏறும் நாளுக்குள் எவரேனும் கிடைப்பர். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கும் இது பொருந்தும்.

மொழி புரியாத ஊருக்கு வந்து சேர்ந்த முதல் நாளில், யாரேனும் ஒருவர் கதவைத் திறந்து 'உள்ளே வாருங்கள்' என்று சொன்னதை நம்மில் பலர் இன்னும் மறந்திலர். அந்தச் சொல்லின் அருமை அறிந்த நாம், பூட்டிய கதவின் முன் காத்துக் கிடக்கும் உயிரை 'யாருடையவும் அல்ல' என்று கூறிக் கடந்து செல்லலாகாது. அன்று நம் வரிசையில் சோறு வைத்த வீடுகளுள் ஒன்று கதவையும் திறந்திருந்தால், அந்தச் செம்பழுப்பு நாய் கடைத்தெருவுக்குச் சென்றிராது.