சீறும் பூனை கேட்பது இடைவெளி

எலியைக் குறிவைத்துப் பதுங்கும் பூனை சத்தமே போடாது. வயிறு தரையில் உரச நகர்ந்து, பாய்ந்து, கழுத்தைக் கவ்வும்வரை அதன் தொண்டையிலிருந்து ஓர் ஒலியும் வராது. வீட்டுக்குப் புதிதாக வந்த குட்டியைக் கண்டதும் வாயைப் பிளந்து சீறுவதும் அதே பூனைதான். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் சீறலைக் கோபம் என்றும் பொறாமை என்றும் எடுத்துக்கொள்வதால், இரண்டாவது பிராணியைக் கொண்டுவரும் பலர் முதல் நாளிலேயே காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சீறலுக்குக் காரணம் அச்சம். "கிட்டே வராதே" என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

இதற்கான சான்று பூனையின் மூளையிலேயே இருக்கிறது. சுவிட்சர்லாந்து உடலியலாளர் வால்ட்டர் ஹெஸ், பூனைகளின் ஹைப்போதலாமஸ் பகுதியில் மெல்லிய மின்முனைகளைச் செருகி ஆராய்ந்தவர். மூளையின் அந்த அடிப்பகுதி பற்றிய ஆய்வுகளுக்காக 1949-இல் நோபல் பரிசு பெற்றார். மின்சாரம் பாய்ந்ததும் எதிரே யாருமே இல்லாதபோதும் பூனைக்கு மயிர் சிலிர்த்தது, கண்மணி விரிந்தது, சீறல் வந்தது. 1960-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிளின்னும் சக ஆய்வாளர்களும் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டினார்கள். ஹைப்போதலாமஸின் ஓரப் பகுதியைத் தூண்டினால் பூனை ஓசையின்றிப் போய் எலியைக் கடித்தது. உட்பகுதியைத் தூண்டினால் சீறி, நகத்தால் அறைந்தது. இன்றைய அறத்தில் நாம் ஏற்க முடியாத சோதனைகள்தான் இவை. ஆனால் வேட்டையும் தற்காப்பும் பூனைக்குள் வெவ்வேறு பாதைகளில் ஓடுகின்றன என்பதை அவை ஐயமற நிறுவிவிட்டன. சீறல் இரண்டாவது பாதையைச் சேர்ந்தது.

சீறும் பூனையைச் சற்றுத் தள்ளி நின்று உற்றுப் பார்த்தால் இது உடலிலும் தெரியும். காதுகள் பக்கவாட்டில் படிந்து தலையோடு ஒட்டியிருக்கும். கடி விழுந்தால் கிழியாமல் காக்கும் ஏற்பாடு அது. உடலின் எடை பின்னங்கால்களில் இருக்கும். மேலுதடு சுருங்கிக் கோரைப்பல் தெரிய, மூச்சுக் காற்று வேகமாக வெளியே தள்ளப்படும். மியாவ் என்பதைப் போல இது குரல்நாண் அதிர்ந்து எழும் ஒலி இல்லை, வெறும் காற்றின் இரைச்சல். கண் திறவாத குட்டிகூடப் பழக்கமில்லாத வாசனை பட்டால் சீறும் என்பதால், இது கற்றுக்கொண்ட வழக்கம் அல்ல. பூனை பாம்பின் சீறலைப் போலச் செய்கிறது என்ற கருத்து கேட்கச் சுவையாக இருக்கிறது. அதை நிரூபிப்பது கடினம்.

புது வரவைக் கண்டு இவ்வளவு அச்சம் ஏன்? வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவின் காட்டுப்பூனை என்பதை 2007-இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. அது தனியே வேட்டையாடி வாழும் விலங்கு. ஓநாய்க்குக் கூட்டம் உண்டு. காயம்பட்ட காட்டுப்பூனைக்கு இரை கொண்டுவந்து தர யாரும் இல்லை. அதற்குச் சண்டையில் வெல்வதைவிடச் சண்டையே நேராமல் தவிர்ப்பதுதான் லாபம். "தெருப் பூனைகள் கூட்டமாக வாழ்கின்றனவே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் கூட்டங்களின் மையத்தில் இருப்பவை பெரும்பாலும் தாயும் மகள்களும் அக்கா தங்கைகளும்தான். அந்நியப் பூனை நுழைந்தால் அவை துரத்திவிடும். யார் சொந்தம், யார் அந்நியம் என்பதை முக்கியமாக மூக்கு முடிவுசெய்கிறது. கன்னத்தை ஒன்றன்மேல் ஒன்று தேய்த்துப் பொது வாசனை ஒன்றை அவை உண்டாக்கிக்கொள்கின்றன. கால்நடை மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் பூனையைப் பார்த்து, பல வருடம் கூடவே படுத்துறங்கிய உடன்பிறப்பே சீறுவதுண்டு. முகம் மாறவில்லை, வாசனை மாறிவிட்டது.

"இரண்டு நாள் சண்டை போட்டுத் தானாகச் சரியாகிவிடும்" என்பது பரவலான யோசனை. இதை நான் ஏற்கவில்லை. புதுப் பூனையைத் தத்தெடுத்த வீடுகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் சந்திப்பிலேயே கீறலும் கடியும் நடந்த வீடுகளில்தான் பிற்காலச் சண்டையும் அதிகமாக இருந்தது. நாய் உறுமினால் எதிர்நாய் பணிந்து விவகாரத்தை முடித்துவைக்கும். பூனைக்கு அப்படிப் பணிந்து சமாதானம் பேசும் வழக்கம் மிகக் குறைவு. விலகிப் போவது மட்டுமே அதற்குத் தெரிந்த தீர்வு. விலக வழியில்லாத மூலையில்தான் சீறல் அறையாகவும் கடியாகவும் முற்றுகிறது. சீறிய பூனையை அதட்டுவதும் கையில் தூக்கி எதிராளியின் முகத்தருகே காட்டுவதும் அந்த வழியை அடைப்பதற்குச் சமம்.

ஆகவே புதிய பிராணியைத் தனி அறையில் வைத்துத் தொடங்குவதே முறை. ஒன்று படுத்த துணியை மற்றது படுக்கும் இடத்தில் போட்டு வாசனையை முதலில் அறிமுகப்படுத்தலாம். மூடிய கதவின் இரு பக்கமும் சோறு வைத்து, பிறகு கம்பிக் கதவு வழியே பார்க்கவிடலாம். பரண், அலமாரி உச்சி போன்ற உயரமான இடங்கள் திறந்திருக்க வேண்டும். நாய் வரும் வீட்டுக்கும் இது பொருந்தும். டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பூனை முதலில் குடியேறி நாய் பின்னால் வந்த வீடுகளிலும், இரண்டும் சிறு வயதிலேயே சேர்ந்த வீடுகளிலும் உறவு இணக்கமாக இருந்தது. ஒன்றின் உடல்மொழியை மற்றது புரிந்துகொள்ளவும் பழகியிருந்தது.

அறிமுகம் நடக்கும் இந்த நாட்களில் சீறல் கேட்டால் பதற வேண்டாம். நான் அதிகம் அஞ்சுவது சீறலே இல்லாத பகையைத்தான். ஒரு பூனை மணல் தட்டுக்குப் போகும் வழியில் உட்கார்ந்து வெறித்துப் பார்க்கும். இன்னொன்று கட்டிலுக்கு அடியிலேயே கிடந்து, கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும். சத்தம் இல்லாததால் வீட்டார் ராசியாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். ஒளிந்த பூனை சாப்பாட்டையும் விட்டுவிட்டால், சில நாட்களிலேயே கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். பருத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். முழுதாக ஒரு நாள் எதுவும் தின்னவில்லை என்றால் அதை உடனே தனி அறைக்கு மாற்றி, மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.