புள்ளிகளின் ஆசையும் கடனின் சுமையும்

 



சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழன் இரவு, இஷாத் தொழுகை முடிந்த பின் ஒரு சகோதரர் என்னைத் தேடி வந்தார். எண்ணூர் சாலையை ஒட்டியுள்ள கண்டெய்னர் யார்டு ஒன்றில் மேற்பார்வையாளராகப் பணிபுரிபவர். இரண்டு பெண் குழந்தைகளின் தந்தை. "ஹஜ்ரத், என் கிரெடிட் கார்டில் புள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. இந்த மாதத்திற்குள் பொருளாக வாங்கிக்கொள்ளச் சொல்லித் தினமும் செய்தி வருகிறது. அதில் ஒரு மிக்ஸி வாங்கினால் அது ஹலாலா?" என்று கேட்டார்.

விடை கூறும் முன், அவருடைய கைபேசியில் இருந்த அந்த மாதக் கணக்கறிக்கையைக் காட்டச் சொன்னேன். செலுத்த வேண்டிய மொத்தத் தொகை 30,000 ரூபாய். அவர் செலுத்தியிருந்ததோ குறைந்தபட்சத் தொகையான 1,500 ரூபாய். சேர்ந்திருந்த புள்ளிகள் 2,400. புள்ளிகளின் எண்ணிக்கை அவருக்கு மனப்பாடமாக இருந்தது. வட்டி எவ்வளவு என்று கேட்டேன். "கொஞ்சம்தான் ஏறும் ஹஜ்ரத்" என்றார். அவர் கேட்ட கேள்வி ஒன்று. நாம் பார்க்க வேண்டிய கேள்வி வேறொன்று என்பதை அப்போது உணர்ந்தேன்.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

கடையில் நாம் அட்டையைத் தேய்க்கும்போது, கடைக்காரருக்கு முழுத் தொகையும் கிடைப்பதில்லை. நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய் கட்டணமாகப் பிடிக்கப்பட்டு, அது வங்கிகளுக்கும் அட்டை நிறுவனத்திற்கும் பங்காகிறது. அந்தப் பங்கில் ஒரு சிறு துளியே புள்ளியாக நம்மிடம் திரும்பி வருகிறது. கடைக்காரர் அந்தக் கட்டணத்தைப் பொருளின் விலையில் ஏற்றிவிட்டால், ரொக்கம் கொடுத்து வாங்கும் துறைமுகக் கூலித் தொழிலாளியும் அதைச் சுமக்கிறார். இலவசம் என்று நாம் நினைப்பதற்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

செலவழிக்கச் சொல்வது ஏன்?

"புள்ளிகள் காலாவதியானால் கம்பெனிக்கு லாபம்தானே? அவர்களே ஏன் நம்மை நினைவூட்டி அழைக்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி.

முதல் காரணம், செலவழிக்கப்படாத புள்ளிகள் நிறுவனத்தின் கணக்கேட்டில் கொடுக்க வேண்டிய பாக்கியாக நிற்கின்றன. இரண்டாவது காரணமே முக்கியமானது. ஒருமுறை புள்ளியைப் பொருளாக மாற்றி அதன் சுவையை அறிந்தவர், அடுத்த முறை பையில் உள்ள பல அட்டைகளில் அந்த அட்டையையே முதலில் எடுப்பார். புள்ளியை மறந்தவரோ அட்டையையே மறந்துவிடுவார். கையில் கிடைத்த ஒரு மிக்ஸி, நூறு விளம்பரங்களை விட வலுவாகப் பேசும்.

இதற்கென அவர்கள் கையாளும் வழிகள் பல. புள்ளிகளுக்குக் கெடு வைப்பார்கள். பல அட்டைகளில் அது இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டினால்தான் மாற்ற முடியும் என்பார்கள். எட்டுவதற்குச் சிறிதே குறைகிறது என்றால் தேவையில்லாத பொருளையும் மனம் வாங்கத் தூண்டும். பாதிக்குப் புள்ளி, மீதிக்குப் பணம் என்ற திட்டத்தை முன்வைப்பார்கள். அந்த மீதிப் பணமும் அதே அட்டையில் கடனாக ஏறும். பண்டிகைக் காலத்தில் புள்ளிக்கு மதிப்புக் கூடும் என்பார்கள். பல வங்கிகள் புள்ளியை மாற்றுவதற்கே 99 ரூபாயும் அதற்கு மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி.யும் கட்டணமாகப் பெறுகின்றன.

கணக்கைப் பாருங்கள்

அந்தச் சகோதரரின் அட்டையில் நூறு ரூபாய் செலவுக்கு 2 புள்ளிகள். ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசு. 2,400 புள்ளிகள் சேர அவர் 1,20,000 ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். அதற்குக் கிடைத்தது 600 ரூபாய். மாற்றுக் கட்டணம் போக மிஞ்சுவது 483 ரூபாய்.

இனி மறுபக்கம். நிலுவை 28,500 ரூபாய். பல அட்டைகளில் வட்டி மாதம் 3.5 முதல் 3.75 சதவிகிதம், ஆண்டுக்கு 42 முதல் 45 சதவிகிதம். அவருடைய அட்டையில் 3.75. ஒரு மாத வட்டி ஏறத்தாழ 1,069 ரூபாய், அதன்மீது ஜி.எஸ்.டி. 192 ரூபாய், ஆக 1,261 ரூபாய். அடுத்த மாதமும் அவர் 1,500 ரூபாய் கட்டினால், அசலில் குறைவது 239 ரூபாய் மட்டுமே! ஓராண்டுக்கு மேல் உழைத்துச் சேர்த்த புள்ளிகளை, பதினைந்து நாள் வட்டி விழுங்கிவிடுகிறது.

மற்றொன்றையும் கவனியுங்கள். முழுத் தொகையையும் கட்டாமல் நிலுவை வைத்தால், வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை போய்விடுகிறது. புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நீளும் என்று வாடிக்கையாளரை எச்சரிக்க வேண்டுமென ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளில் கூறியது. வட்டிக்கு ஆண்டுக்கு 30 சதவிகிதம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் விதித்த உச்சவரம்பை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. எனவே நம்மை நாமே காத்துக்கொள்வதே வழி.

மார்க்கம் என்ன கூறுகிறது?

வட்டி ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வாங்குபவர் மட்டுமல்லர், கொடுப்பவரும் எழுதுபவரும் சாட்சிகளும் குற்றத்தில் சமம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். தாமதித்தால் வட்டி என்ற நிபந்தனையுள்ள அட்டையை, கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் பெறக்கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 2000ஆம் ஆண்டு ரியாத் அமர்வில் தீர்மானித்தது. தேவையுள்ளவர், வட்டி ஏறவே விடாமல் முழுத் தொகையையும் உரிய நாளில் செலுத்தும் உறுதியோடு பயன்படுத்தலாம் என்று கூறும் அறிஞர்களும் உள்ளனர்.

புள்ளியைப் பொறுத்தவரை, கடன் கொடுத்தவர் கடனாளியிடமிருந்து பெறும் ஆதாயமே வட்டி. கிரெடிட் கார்டில் கடன் கொடுப்பது வங்கி. புள்ளி பெறுவது கடனாளி. ஆகவே அதை அன்பளிப்பாகக் கருதி அனுமதிப்போர் உண்டு. ஆனால் டெபிட் கார்டில் நம் பணம் வங்கியிடம் இருக்கிறது. அங்கே கடன் கொடுத்தவர் நாமே. ஆதலால் அதில் வங்கி தரும் சலுகையில்தான் ஐயம் மிகுதி என்று சிலர் விளக்கியுள்ளனர். மக்கள் நினைப்பதற்கு நேர்மாறான நிலை இது!

புள்ளியின் பெயரால் திருட்டு

"உங்கள் புள்ளிகள் இன்றிரவு காலாவதியாகின்றன, உடனே பணமாக்குங்கள்" என்று இணைப்புடன் வரும் செய்திகளில் ஏராளமானவை மோசடி. அந்த இணைப்பைத் தொட்டு, ஏ.பி.கே. கோப்பாக வரும் செயலியைக் கைபேசியில் நிறுவிவிட்டால், அது ஓ.டி.பி.யைக் களவாடும். உண்மையான நிறுவனங்கள் நாள்தோறும் அவசரப்படுத்தி நம்மைப் பழக்கியிருப்பதால், திருடனின் அவசரமும் நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. இணைப்பைத் தொடாதீர்கள், வங்கியின் செயலியிலோ, அட்டையின் பின்புறமுள்ள எண்ணிலோ மட்டும் விசாரியுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணிலும் வங்கியிலும் தெரிவியுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

புள்ளியைப் பார்க்கும் முன் நிலுவையைப் பாருங்கள். நிலுவை உள்ளவர் முதலில் அட்டையைப் பயன்படுத்துவதை நிறுத்தட்டும். சேர்ந்த புள்ளிகளைப் பொருளாக்காமல், வசதி இருந்தால் கடன் கணக்கிலேயே வரவு வைக்கச் செய்யட்டும். கடன் தீர்ந்தபின் அட்டையை ஒப்படைக்க விரும்பினால் எழுத்துமூலம் கேளுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்பது அதே 2022 நெறிமுறைகளில் உள்ளது.

மூன்று தீனார் கடன் வைத்து இறந்தவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழ வைத்தார்கள் என்பதை நாம் அறிவோம். கடனின் பாரத்தை மட்டுமல்ல, பிறர் கடனைத் தோளில் ஏற்கும் சகோதரத்துவத்தையும் அந்நிகழ்ச்சி கற்பிக்கிறது.

அந்தச் சகோதரர் மிக்ஸி வாங்கவில்லை. நிலைமையைத் தம் அண்ணனிடம் மனம் திறந்து கூறினார். அவர் அழகிய கடனாகத் தொகையைக் கொடுக்க, குர்ஆன் (2:282) கட்டளையிட்டவாறு எழுதிக் கையெழுத்திட்டு, சாட்சிகளும் வைத்தார்கள். அட்டையின் நிலுவை முழுதும் அடைந்தது. இப்போது அண்ணனுக்கு மாதந்தோறும் 2,000 ரூபாய் திருப்பிச் செலுத்தி வருகிறார். ஒவ்வொரு ரூபாயும் அசலிலேயே கழிகிறது. பழைய மிக்ஸியைப் பழுதுபார்த்துக்கொண்டார்களாம்.

யா அல்லாஹ்! ஹலாலைக் கொண்டு எங்களுக்குப் போதுமாக்குவாயாக! கடனின் சுமையிலிருந்தும் வட்டியின் தீமையிலிருந்தும் எங்களையும் எங்கள் குடும்பங்களையும் காப்பாயாக! ஆமீன்.