வைகாசியில் நடவு, மாசியில் விலை

சித்திரை முடிந்து வைகாசி பிறக்கும் நாட்களில் ஈரோட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் டீக்கடையிலும் உரக்கடையிலும் பேச்சு ஒன்றைத்தான் சுற்றிவரும். இந்த வருசம் என்ன வைப்பது? மஞ்சளா, கரும்பா, நெல்லா, மரவள்ளியா, மக்காச்சோளமா? முடிவு எடுக்க இரண்டு மூன்று வாரம்தான் அவகாசம். அது பிசகிவிட்டால் வாங்கிய கடனிலிருந்து தலைதூக்க ஒரு குடும்பத்துக்கு ஆண்டுகள் ஆகும்.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். 2010-இல் ஈரோடு சந்தையில் ஒரு குவிண்டால் 17,000 ரூபாய் வரை போனது. அதுவரை மஞ்சள் வைக்காதவர்களும் வைத்தார்கள். கரும்பை அழித்துவிட்டு வைத்தார்கள், குத்தகைக்கு நிலம் பிடித்து வைத்தார்கள். மஞ்சள் விளையும் வெளிமாநிலப் பகுதிகளான நிஜாமாபாத்திலும் சாங்லியிலும் இதே கணக்கைத்தான் போட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அத்தனை மஞ்சளும் ஒன்றாகச் சந்தைக்கு வந்தபோது, 2012-இல், விலை நாலாயிரத்துக்கும் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் பெரும்பாலும் பத்தாயிரத்துக்குக் கீழேயே கிடந்தது. வெறுத்துப்போன பலர் மஞ்சளைக் கைவிட்டார்கள். பரப்பு குறைந்தது, வரத்தும் குறைந்தது. 2023 தொடக்கத்தில் ஏழாயிரம் அளவில் இருந்த விலை 2024 மார்ச்சில் இருபதாயிரத்தைத் தாண்டியது. அந்த விலை கிடைத்தது, நட்டமானாலும் விடாமல் மஞ்சள் வைத்தவர்களுக்கும், பழைய இருப்பைக் கிடங்கில் காத்து வைத்திருந்தவர்களுக்கும்தான்.

விலை ஏறியதைப் பார்த்து நடுகிறவருக்கு இன்னொரு அடியும் உண்டு. அதை வெளியில் இருப்பவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மஞ்சளுக்கு விதையும் கிழங்குதான். ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ விதைமஞ்சள் வேண்டும். சந்தையில் மஞ்சள் விலை ஏறினால் விதைமஞ்சள் விலையும் கூடவே ஏறும், குத்தகையும் ஏறும். ஆக, உச்ச விலையில் உள்ளே வருகிறவர் உச்சச் செலவில் வருகிறார். அவருடைய மஞ்சள் விற்பனைக்கு வரும்போது விலை பாதியாகிவிட்டால், செலவும் பாதியாகிவிடுமா?

நட்டபின் ஒன்பது, பத்து மாதம் காத்திருக்க வேண்டும். களை எடுப்பு, மண் அணைப்பு, உரம், மழை மிகுந்தால் வரும் கிழங்கு அழுகல். தை, மாசியில் வெட்டி, வேகவைத்து, வெயிலில் பத்துப் பதினைந்து நாள் காயவைத்து, மெருகேற்றி, விரலி தனி, கிழங்கு தனி என்று பிரித்த பிறகுதான் மறைமுக ஏலத்துக்குப் போகும். பச்சையாக ஐந்து கிலோ வெட்டினால் காய்ந்து ஒரு கிலோ அளவுக்குத்தான் மிஞ்சும். வெட்டுக்கூலியும் வேகவைக்கும் செலவும் பச்சை எடைக்கு. வருமானம் வருவது காய்ந்த எடைக்கு.

பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டார் 1934-இல் இந்தச் சுழற்சிக்குச் சிலந்திவலை என்று பெயர் கொடுத்தார். இன்றைய விலையைப் பார்த்து உற்பத்தி முடிவாகிறது. அந்த உற்பத்தி அடுத்த பருவத்தின் விலையைத் தீர்மானிக்கிறது. விலையும் பரப்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே போகும். இதைச் சொல்லிவிட்டு, விவசாயிக்கு முன்யோசனை இல்லை என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதை என்னால் ஏற்க முடியாது. அவர் கையில் பெரும்பாலும் இருக்கும் தகவல் இன்றைய விலைதான். வேறு எதை வைத்து அவர் யோசிப்பார்?

அதோடு, எதை வைப்பது என்பதை விலை மட்டும் முடிவு செய்வதுமில்லை. முதலில் முடிவு செய்வது தண்ணீர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காளிங்கராயன் வாய்க்காலில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் ஓடும். அதனால் அதன் கரையில் மஞ்சளும் கரும்பும் வாழையும் வைக்கலாம். பவானிசாகரிலிருந்து வரும் கீழ்பவானிப் பாசனத்தில் அப்படி இல்லை. ஏறக்குறைய இரண்டு லட்சம் ஏக்கர் ஆயக்கட்டை மதகுவாரியாகப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்ட் நடுவிலிருந்து நெல்லுக்கும், மறு பாதிக்கு அதற்குப் பின் புஞ்சைப் பயிருக்கும் தண்ணீர் விடுகிறார்கள். கிணற்றிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ தண்ணீர் இல்லாதவர் அங்கே பத்து மாதப் பயிரை நினைத்துப் பார்க்கவே முடியாது. எந்த மதகின்கீழ் அவர் நிலம் இருக்கிறதோ அதுதான் அவர் பயிரைச் சொல்லும்.

அடுத்தது ஆள். களை எடுக்க ஆளில்லை, வெட்ட ஆளில்லை என்பது கொங்கு நாட்டில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கேட்கிற குரல். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்ட வீடுகளில் வயதானவர்கள் தென்னையை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். தேங்காய் விலை நன்றாக இருக்கிறது என்பதற்காக வைத்த தென்னையைவிட, வேறு பயிருக்கு ஆள் கிடைக்காமல் வைத்த தென்னை அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. தென்னை வைத்த நிலம் பல பத்தாண்டுகளுக்கு வேறு பயிருக்குத் திரும்புவதில்லை.

நெல்லையே ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், மாற்றுப் பயிருக்குப் போகக்கூடாதா என்று நகரத்தில் கேட்கிறோம். கணக்கைப் பாருங்கள். 2025-26 பருவத்தில் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழக அரசின் ஊக்கத்தொகையோடு 2,500. இதில் பெரிய லாபம் இல்லை. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலின் வட்டியையும் செலவில் சேர்த்து, அதற்கு மேல் ஐம்பது சதவீதம் தர வேண்டும் என்பது எம்.எஸ். சுவாமிநாதன் குழுவின் பரிந்துரையை முன்வைத்து விவசாயிகள் கேட்பது. இப்போதைய கணக்கில் அந்த இரண்டும் சேர்வதில்லை. ஆனாலும் நடுவதற்கு முன்பே விலை தெரியும். நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. அறுக்க இயந்திரம் வருகிறது. மூட்டை நனைந்தாலும் காத்துக் கிடந்தாலும் கடைசியில் வாங்க ஓர் ஆள் உண்டு. மக்காச்சோளத்துக்கும் அதே பருவத்தில் 2,400 ரூபாய் ஆதரவு விலை இருந்தது. நாமக்கல் கோழிப்பண்ணைகள் வாங்குகின்றன, எத்தனால் ஆலைகளும் வாங்க வந்துவிட்டன. ஆனால் நெல்லுக்கு இருப்பதைப்போல ஊர் ஊராகக் கொள்முதல் நிலையம் இல்லை. வியாபாரி சொல்வதுதான் விலை. மஞ்சளுக்கு ஆதரவு விலையே கிடையாது.

இதற்குள்ளும் விவசாயி தனக்குத் தெரிந்த வழிகளில் பாதுகாப்புத் தேடிக்கொள்கிறார். மஞ்சள் பாரில் சின்ன வெங்காயத்தை ஊடுபயிராக வைக்கிறார். இரண்டு, இரண்டரை மாதத்தில் வெங்காயம் விற்ற பணம் மஞ்சளின் களைக்கூலிக்கு ஆகும். நான்கு ஏக்கரில் ஒன்றரை மஞ்சள், ஒன்று மரவள்ளி, மீதி மாட்டுத் தீவனச் சோளம் என்று பிரித்து வைக்கிறார். பால் பணம் வாரம் தவறாமல் வீட்டுக்கு வரும். விலை இல்லாத வருசத்தில் மஞ்சளைக் கிடங்கில் போட்டு, அதன்மேல் கடன் வாங்கிக் காத்திருக்கிறார். காத்திருக்க வசதியுள்ளவருக்கே இது. கந்துவட்டிக்கு வாங்கி நட்டவர் மாசியிலேயே விற்றாக வேண்டும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிர் விலை முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. நல்ல பணி, ஆனால் போதாது. நடவுக்கு முன் விவசாயிக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. நாடு முழுவதும் கிடங்குகளில் பழைய மஞ்சள் எவ்வளவு இருக்கிறது? ஹிங்கோலி, நிஜாமாபாத், ஈரோடு பகுதிகளில் மாசி, பங்குனியில் விதைமஞ்சள் எவ்வளவு கைமாறியது? நட்டுமுடித்த பிறகு வரும் பரப்புக் கணக்கு வியாபாரிக்குத்தான் உதவும். விதை கைமாறிய கணக்கு நடவுக்கு முன்பே கையில் கிடைக்கக்கூடியது. பெரிய வியாபாரிகள் இந்த இரண்டையும் தங்கள் ஆட்கள் மூலம் ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த இரு கணக்கையும் தமிழிலும் தெலுங்கிலும் மராத்தியிலும் வெளியிடுவதை அது தன் முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தகவலோடு, விழுந்தால் தாங்க ஒரு தரையும் வேண்டும். கேரள அரசு 2020 நவம்பரில் மரவள்ளி உள்ளிட்ட 16 விளைபொருள்களுக்கு உற்பத்திச் செலவோடு இருபது சதவீதம் சேர்த்து அடிப்படை விலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மரவள்ளிக்குக் கிலோ 12 ரூபாய். சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு ஈடுகட்டும் என்பது ஏற்பாடு. கேரள விவசாயிகளைவிட மிக அதிகமாக மரவள்ளி விலையின் ஏற்ற இறக்கத்தில் சிக்கிக்கொள்கிறவர்கள் சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் விவசாயிகள்தான். ஜவ்வரிசி ஆலை சொல்லும் மாவுச்சத்துப் புள்ளிக்குத்தான் இங்கே விலை. மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் தமிழக அரசு இப்படியொரு அடிப்படை விலையை நடவுக்கு முன், சித்திரையிலேயே அறிவிக்க வேண்டும். அறுவடை முடிந்து, விலை விழுந்து, சாலை மறியல் நடந்த பிறகு வரும் அறிவிப்பு அந்த வருச மஞ்சளை மாசியிலேயே விற்றுவிட்டவருக்கு எந்த வகையிலும் உதவாது.