இடியை எண்ணுவதுபோல் குவாசரை அளக்கலாம்

சுங்கை பாக்காப்பில் மாலை மழை பிடித்துவிட்டால் என் வகுப்பில் பாடம் நின்றுவிடும். மின்னல் வெட்டியதும் மாணவர்கள் “ஒன்று, இரண்டு” என்று எண்ணுவார்கள். மூன்றில் இடி கேட்டால் மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில். தாமதத்தை வேகத்தால் பெருக்கினால் தூரம், அவ்வளவுதான்.

கன்னி விண்மீன் குழுவில் 3சி 273 என்ற குவாசர் இருக்கிறது. அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளதை 1963இல் மார்ட்டென் ஷ்மிட் கண்டறிந்தார். அதன் நடுவே ஒரு கருந்துளை, அதைச் சுற்றி வேகமாக ஓடும் வாயு. நடுப்பகுதியின் ஒளி கூடிக் குறையும். அந்த ஒளி போய்ச் சேர்ந்த பிறகுதான் வாயுவும் பிரகாசிக்கும். 2019இல் வெளியான பத்தாண்டு அவதானிப்பில் இந்தத் தாமதம் ஏறத்தாழ 147 நாள். (நமக்குத் தெரிவது 170 நாள், அண்ட விரிவு காலத்தையும் நீட்டுவதால் 1.16ஆல் வகுக்க வேண்டும்.) ஒளி வினாடிக்கு 3 இலட்சம் கி.மீ. செல்கிறது. பெருக்கிப் பாருங்கள்: 3.8 இலட்சம் கோடி கி.மீ. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 25,000 மடங்கு!

“டீச்சர், நம் பக்கம் உள்ள வாயு?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அதன் ஒளி, நடுவிலிருந்து வரும் ஒளியோடு சேர்ந்தே நம்மிடம் வருகிறது, தாமதமே இல்லை. பின்பக்க வாயுவுக்கோ ஒளி போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், தாமதம் இரட்டிப்பு. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் ஆரம் கிடைத்துவிடுகிறது.

இந்த ஆரம் தெரிந்தால்தான் கருந்துளையை நிறுக்க முடியும். வாயுவின் வேகம் வினாடிக்கு 3,000 கி.மீ.க்கு மேல். படிவம் 4 இயற்பியலில் வரும் ஈர்ப்புச் சூத்திரத்தில் இட்டால் சுமார் 30 கோடி சூரியன்களின் நிறை வரும். தாமதக் கணக்கு தவறானால் நிறையும் தவறு. ஆகவே வேறு வழியில் சரிபார்ப்பது அவசியம்.

சிலியில் நான்கு பெரிய தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து, ‘கிராவிட்டி’ கருவியால் அதே வாயுப் பகுதியை நேரடியாக அளந்தார்கள். நிலவின் தூரத்தில் கால் பங்கில் வைத்த 50 சென் நாணயம் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அந்த ஆரமும் அவ்வளவுதான். 2018இல் வந்த விடை: ஏறத்தாழ 150 ஒளிநாள். எனக்கு இன்றும் வியப்புதான்.

தமிழ்நாட்டில் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் இந்த வேலையைச் செய்கிறது. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள அதன் 2 மீட்டர் தொலைநோக்கியால், அருகிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தில் வாயுவுக்கும் வெளியே உள்ள தூசியின் தாமதத்தை அளந்தார்கள். சுமார் 35 நாள்.